யானை ராஜாவும் கூழாங்கல் வைத்தியமும்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய் என்றால் என் மீசை இந்த நிமிடமே உதிர்ந்து தரையில் விழட்டும். விழவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில், மிருகமெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓணானுக்குத் தலை ஆடாது. உலக்கையை முழுங்கியதுபோல விறைத்த கழுத்து. அப்படி ஓர் ஓணான், வேலிமுத்து என்று பெயர், கள்ளிவேலியில் மனைவி செதிலாயியோடு குடியிருந்தான். தொழில் ஈ பிடிப்பது. வைத்தியத்தில் ஒரு இலைகூடத் தெரியாது. ஆனால் ஒருநாள் இருமிக்கொண்டே போன முயலிடம், "புற்றுக்குப் பக்கத்தில் மூன்று நாள் ஒற்றைக்காலில் நில்லும், சரியாகிவிடும்" என்று விளையாட்டுக்குச் சொல்லிவைத்தான். மூன்றாம் நாள் இருமல் நின்றது. தானாகப் போகிற இருமல்தான். முயலோ காடு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டது.

தம்பட்டம் யானை ராஜாவின் காதுவரை போனதுதான் வினை.

ராஜாவுக்கு இரண்டு மாதமாக வயிற்றுவலி. வலி தாங்காமல் தரையில் உருளுகிற நாளில்தான் வைத்தியரைக் கூப்பிடுவார். அட்டை வந்து காதுமடலில் ஒட்டி ரத்தம் குடித்தது. மறுநாள் வலி இறங்கியது. "எல்லாம் என் கைராசி" என்றது, கையே இல்லாத அட்டை. நாலு நாளில் வலி திரும்பி வந்தது. அடுத்து கொக்கு வந்து, நண்டு ஓட்டைச் சுட்ட சாம்பலை நெற்றியில் அப்பியது. மறுநாள் இறங்கியது, மறுபடியும் வந்தது. உச்சிக்கு ஏறின வலி, வைத்தியர் வந்தாலும் வராவிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தானே செய்யும்? அந்த இறக்கம் தன்னால்தான் வந்தது என்று இரண்டும் சண்டை போட்டன. மான் மட்டும், "மகாராஜா, கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டால்..." என்று ஆரம்பித்தது. ராஜா தும்பிக்கையால் தூக்கி எறிந்ததில் அடுத்த காட்டில் போய் விழுந்தது. இன்னும் திரும்பவில்லை.

நரி மந்திரி கள்ளிவேலிக்கு வந்தது. "வேலிமுத்து வைத்தியரே, ராஜா உம்மைக் கூப்பிடுகிறார். குணமானால் பரிசு. ஆகாவிட்டால் உம்மேல் கால் வைப்பார். பயப்படாதீர், ஒரு கால்தான்."

நரி ஓரமாகப் போய் நின்றதும் செதிலாயி கேட்டாள்: "ஏங்க, அந்த முயலிடம் எதுக்கு வாயைக் கொடுத்தீங்க?"

"விளையாட்டுக்குச் சொன்னேன், செதிலு."

"இப்போ யானை விளையாட வந்திருக்கு."

வேலிமுத்து யோசித்தான். வேலிமேல் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு எதுதான் தப்பும்? ராஜா தினமும் பலாத்தோப்பில் பழத்தைத் தோலும் கொட்டையுமாக விழுங்குவதையும், எருமை புரளும் குட்டைத் தண்ணீரைக் குடிப்பதையும், குடித்த இடத்திலேயே படுத்துத் தூங்குவதையும் அவன் பார்த்திருக்கிறான். நோய் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் மானுக்குத் துணையாகப் பறக்க வேண்டியதுதான்.

"செதிலு, பலா இன்னும் எத்தனை நாளைக்குக் கிடைக்கும்?"

பலாப்பழத்தில் மொய்க்கிற ஈதான் அவர்கள் வீட்டுச் சாப்பாடு. அவளுக்குத் தெரியாதா? "நாற்பத்தெட்டு நாள். அப்புறம் நமக்கும் அரைவயிறுதான்."

வேலிமுத்து ராஜாவின் முன்னால் போய் நின்றான்.

"மகாராஜா, அருவியில் கிடக்கும் கூழாங்கல்லில் ஒரு சக்தி இருக்கிறது. விடிந்ததும் நீங்களே நடந்துபோய் ஒரு கல் எடுத்து, அருவி நீரில் கழுவி, அந்த நீரையே குடித்துவிட்டுக் கல்லைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும். பொழுது சாயும்வரை துப்பக்கூடாது. துப்பிய பிறகு புல்லும் தழையும் மட்டும். நாற்பத்தெட்டு நாள். ஒரு நாள் தவறினாலும் கல் கோபித்துக்கொள்ளும், முதலிலிருந்து எண்ண வேண்டும்."

"இவ்வளவு கஷ்டமான மருந்தா? அப்படியானால் வீரியமானதாகத்தான் இருக்கும்" என்றார் ராஜா. "குணமாகுமா?"

ஆகும் என்று சொல்லத் தைரியமில்லை. ஆகாது என்று சொல்லவும் தைரியமில்லை. பயத்தில் அந்த விறைத்த கழுத்து 'கடக்' என்று ஒரு சத்தம் போட்டது. தலை மேலும் கீழும் ஆடியது. உலகத்தில் ஓர் ஓணான் தலையாட்டியது அதுதான் முதல் முறை.

ராஜா தினமும் அருவிக்கு நடந்தார். போகக் காத தூரம், வரக் காத தூரம். வாயில் கல் இருக்க, பலாப்பழத்தை எப்படி விழுங்குவது? தினமும் வந்து அதே கேள்வியைக் கேட்பார். வேலிமுத்து தலையாட்டுவான். ஒன்பதாம் நாள் வலி பிடுங்கியெடுத்தது. ராஜா அவன்மேல் காலைத் தூக்கிவிட்டார். பாதத்தின் நிழல் முதுகில் விழுந்தது.

"வலி கிளம்புகிறது, மகாராஜா" என்றான் வேலிமுத்து கண்ணை மூடிக்கொண்டு. "போகிற வழியில் கத்துகிறது."

கால் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு பக்கத்தில் இறங்கியது.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் ராஜா பிளிறிய பிளிறலில் தோப்பிலிருந்த கடைசிப் பலாப்பழமும் உதிர்ந்தது. வயிறு வற்றி, வலி இருந்த தடமே இல்லை. காடே கூடியது. கொக்குக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, அது வெறும் கல்" என்றது.

ராஜா திரும்பினார். "வைத்தியரே, வெறும் கல்தானா?"

வேலிமுத்துவின் தலை ஆடியது. நாற்பத்தெட்டு நாள் ஆடிய தலை, நிறுத்தினாலும் நிற்கவில்லை.

"அப்படியானால் குணமாக்கியது நீரா?"

ஆடியது. கூட்டத்தில் இருந்த செதிலாயி முண்டியடித்து முன்னால் வந்தாள்.

"இல்லை, நடந்து கஷ்டப்பட்ட நானேதானா?"

அதற்கும் ஆடியது.

ராஜா காது படபடக்கச் சிரித்தார். "நானே என் நோயை விரட்டினேன்! இத்தனை நாள் ஒரு வைத்தியனும் இதைச் சொல்லவில்லையே." வேலிமுத்துவைத் தூக்கித் தன் மத்தகத்தின்மேல் வைத்து, செதிலாயியையும் பக்கத்தில் ஏற்றிக் காடு முழுக்க ஊர்வலம் போனார். கொக்கு வெட்கப்பட்டு ஒற்றைக்காலில் நின்றது. அட்டை சேற்றுக்குள் போய் ஒளிந்தது. மேலே வேலிமுத்து, வணங்கியவர்கள் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே போனான்.

அன்று முதல்தான் எந்த மருந்தானாலும் பத்தியம் வைத்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், சாப்பிடச் சொல்கிறார்கள். அன்று முதல்தான் வேலியில் இருக்கும் ஓணான், யார் எதைக் கேட்டாலும், கேட்காவிட்டாலும், தலையாட்டிக்கொண்டே இருக்கிறது.

ஒன்று மட்டும். இதை யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். இடுப்புவலிக்கு நானும் ஒரு வைத்தியரிடம் போய்வருகிறேன். இன்னும் இருபது நாள் பாக்கியிருக்கிறது; மருந்து நன்றாகக் கேட்கிறது.