ஆவன செய்க

அமைச்சர் வில்லவராயர் பல்லக்கை விட்டு இறங்கியதுமே மரத்தடியில் உட்கார்ந்திருந்த குருவின் காலில் விழுந்தார். குருவைவிட வயதில் மூத்த சீடர் அவர். ஓலை அனுப்புவதில் அவரை மிஞ்ச அந்த நாட்டில் ஆளில்லை.

"போன ஆடியிலேயே கள்ளிமேட்டில் கிணறு வெட்ட ஆணையிட்டேன், சுவாமி. இன்னும் ஒரு மண்வெட்டிகூட அங்கே போகவில்லையாம். அமாவாசைக்குள் தண்ணீர் வராவிட்டால் என் பதவி போய்விடும் என்கிறார் மன்னர். நல்ல திட்டம்தானே, ஏன் நடக்கவில்லை?"

"ஓலையில் என்ன எழுதினீர்கள்?"

"வழக்கம்போலத்தான். 'கிணறு வேண்டும். ஆவன செய்க.'"

குரு மரத்தில் சாய்ந்துகொண்டார். "நாக்கு வறள்கிறது. கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?"

அமைச்சர் துள்ளி எழுந்து, கூட வந்த கணக்கரைப் பார்த்தார். "சுவாமிக்குத் தண்ணீர். ஆவன செய்க."

கணக்கர் காவலனிடம் திரும்பினார். "மேலிடத்துக்குத் தண்ணீர். ஆவன செய்க."

பல்லக்கை இறக்கியதுமே தூங்கிப்போயிருந்த பல்லக்குத் தூக்கியைக் காவலன் எழுப்பினான். "ஏதோ தண்ணியாம். ஆவன செய்."

பல்லக்குத் தூக்கி சுற்றுமுற்றும் பார்த்தான். மரத்தடியில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, யாருக்கோ தண்ணி வேணுமாம். நீங்க சும்மாதானே இருக்கீங்க? கொஞ்சம் ஆவன செய்யுங்க."

குரு மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போய், பக்கத்துக் கிணற்றில் இறைத்து, வயிறு நிறையக் குடித்தார். "ஆச்சு என்று சொல்லிவிடு" என்றார்.

"ஆச்சுங்க" என்றான் பல்லக்குத் தூக்கி.

"முடிந்தது" என்றான் காவலன்.

"சுவாமிக்குத் தண்ணீர் சிறப்பாக வழங்கப்பட்டது" என்று கணக்கர் கைகட்டிச் சொன்னார்.

அதுவரை கணக்கரையே பார்த்துக்கொண்டிருந்த அமைச்சர் பெருமையோடு திரும்பினார். "பார்த்தீர்களா சுவாமி, சொன்னவுடன் நடந்துவிட்டது!"

குருவின் தாடியில் தண்ணீர் சொட்டியது. கையில் ஈரக் கயிறு இருந்தது.

அமைச்சருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வெட்கத்தில் முகம் சிவந்தது. எழுத்தாணியை எடுத்தார்.

"இனி யாரும் 'ஆவன செய்க' என்று எழுதக் கூடாது. இன்றே எல்லோருக்கும் ஓலை அனுப்புகிறேன்!"

"அனுப்புங்கள். அந்த ஓலையை எப்படி முடிப்பீர்கள்?"

எழுத்தாணி அந்தரத்தில் நின்றது. பிறகு அமைச்சர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டார்.

"சுவாமி..." குரல் இறங்கியிருந்தது. "கள்ளிமேடு எந்தப் பக்கம்?"

"அந்த ஊர்ப் பெண்கள் வெறுங்குடத்தோடு இந்தக் கிணற்றுக்குத்தான் வந்துகொண்டிருப்பார்கள்" என்றார் குரு. "அவர்கள் வருகிற பக்கமாக நடங்கள்."