மூன்று கார்னர்கள், ஒரே இடம்

கபடி தெரியாதவர்களும் இந்தக் கதைக்கு விடை சொல்லலாம். ஒரு பக்கம் ஏழு பேர் நிற்பார்கள். எதிரணியிலிருந்து ஒருவன் பாடிக்கொண்டு வருவான். அவனை ரெய்டர் என்பார்கள். யாரையாவது தொட்டுவிட்டுத் தன் பக்கம் ஓடப் பார்ப்பான். ஏழு பேரும் அவனைத் திரும்பவிடாமல் அமுக்கப் பார்ப்பார்கள். அந்த ஏழு பேரில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்களுக்குக் கார்னர் என்று பெயர். வருகிறவனின் காலை முதலில் கவ்வ வேண்டியவர்கள் அவர்கள்தான். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இசக்கிராஜா ஒரு காலத்தில் பேர்போன கார்னர். முழங்கால் போன பிறகு, ஒரு தொழில்முறை அணிக்குக் கல்லூரிப் பையன்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அவர் வேலை. போன இரண்டு வருடமும் அவர் கைகாட்டிய பையன்கள் களத்தில் சோபிக்கவில்லை. இந்த வருடம் தூத்துக்குடியில் நடந்த கல்லூரிப் போட்டிக்குக் கிளம்பும்போதே தலைமைப் பயிற்சியாளர் ராஜகுரு போனில் சொல்லிவிட்டார்.

"இசக்கி, இடது கார்னருக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கு. இந்தத் தடவையும் சறுக்கிச்சுன்னா, உன்னை வச்சுக்கச் சொல்லி நிர்வாகத்துக்கிட்ட என்னால பேச முடியாதுப்பா."

"சரி சார்" என்றார் இசக்கிராஜா. வேறென்ன சொல்வது? கபடியை விட்டால் அவருக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு எதிலும் மனம் ஒட்டவும் ஒட்டாது.

ஐந்து நாள் வெயிலில் உட்கார்ந்து பார்த்ததில் மூன்று பேர் தேறினார்கள். மூன்றும் முத்து. ஒன்றை எடுத்து இரண்டை விட வேண்டுமே என்று அவருக்கு உள்ளபடியே வருத்தமாக இருந்தது.

முதலாமவன் பேச்சிமுத்து. ஐந்து ஆட்டத்தில் இருபத்தேழு பேரைப் பிடித்திருந்தான். கணுக்காலில் கை வைத்தால் உடும்புப் பிடிதான். எவனும் உதறிவிட்டுப் போனதில்லை. அவன் அணிக்கு வலது கார்னராக நின்றவன் துரைசிங்கம். வேறொரு பெரிய அணி ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டுவிட்ட ஆள். துரைசிங்கத்தின் முகத்தைப் பார்த்ததுமே ரெய்டர்கள் ஒதுங்கி இந்தப் பக்கம் வந்தார்கள். வந்தவர்களைப் பேச்சிமுத்து வீணாக்கவில்லை.

இரண்டாமவன் அருள்ராயன். ஆறடி உயரம். ஆளைத் தொடையோடு சேர்த்துத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைப்பான். கூட்டம் எழுந்து நின்று விசில் அடிக்கும்; இசக்கிராஜாவே ஒருமுறை தன்னை மறந்து எழுந்துவிட்டார், முழங்கால் வலித்த பிறகுதான் உட்கார்ந்தார். பத்தொன்பது பிடி. அதில் பதினாறு, அவன் அணி எக்கச்சக்கமாக முந்தியிருந்த மூன்று ஆட்டங்களில் வந்தவை. இழுபறியாகப் போன மற்ற இரண்டு ஆட்டங்களில் அவசரப்பட்டுப் பாய்ந்து ஏழு முறை வெளியேறினான், மூன்று பேரைப் பிடித்தான். அந்தப் பாய்ச்சலின் அழகுக்காகவே ஏழையும் மன்னித்துவிடலாம் போலிருந்தது.

மூன்றாமவன் தமீம். ராமநாதபுரம் பக்கத்துப் பையன், நடுத்தர உயரம், நாலே நாலு பிடி. முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு, வருகிறவனின் பாதத்தையே பார்த்தபடி நிற்பான். அவன் ஆடுகிறானா வேடிக்கை பார்க்கிறானா என்றுகூடக் கூட்டத்தில் சிலர் கேட்டார்கள்.

ஐந்தாம் நாள் தமீம் அணியின் வலது கார்னர் அடிமேல் அடி வாங்கிக்கொண்டிருந்தான். இடைவேளைக்குப் பிறகு பயிற்சியாளர் அவனை இடது ஓரத்துக்கும் தமீமை வலது ஓரத்துக்கும் மாற்றினார். எதிரணியின் பெரிய ரெய்டர் செல்வின், ஆடத் தொடங்கிய நாளிலிருந்து எதிராளிகளின் வலது ஓரத்துப் பக்கமாகவே பாடிப் பழகியவன். ரெய்டருக்குப் பக்கம் மாறுவது, வலது கைக்காரன் இடது கையால் கையெழுத்துப் போடுவது மாதிரி. அப்படிப்பட்ட செல்வின் இடைவேளைக்குப் பிறகு தன் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கமே பாடினான். பழக்கமில்லாத காலாட்டத்தில் இரண்டு முறை தானாகவே கோட்டைத் தாண்டி மிதித்து வெளியேறினான். அவனை யாரும் தொடக்கூட இல்லை. தமீமின் அணி இரண்டு புள்ளியில் வென்றது. தமீமின் கணக்கில் அன்று ஒரு பிடியும் ஏறவில்லை.

அணி கொடுத்திருந்த தாளில் மூன்றே கட்டங்கள்: உயரம், எடை, பிடி. இசக்கிராஜா பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த காசிலிங்கம், வேறு அணிக்கு ஆள் பார்க்க வந்தவர், எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, இதுல யோசிக்க என்ன இருக்கு? இருபத்தேழு எங்க, நாலு எங்க?"

"யோசிக்கலேன்னா நாம எதுக்குவே? ஒரு கால்குலேட்டர் போதுமே."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் பயம்தான். பெயர் தப்பினால் வேலை போய்விடும்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இசக்கிராஜா யாருடைய பெயரை எழுதுவது சரி?

*

விடை: தமீம். பேச்சிமுத்து கெட்டிக்காரன்தான், ஆனால் அவன் பிடித்தவர்களில் பாதிப் பேரை அவனிடம் விரட்டிவிட்டவன் துரைசிங்கம். புது அணிக்குத் துரைசிங்கம் கூட வரமாட்டான். அருள்ராயனின் வலுவுக்கு ஈடில்லை. இக்கட்டான நேரத்தில் பொறுத்து நிற்க அவன் இன்னும் கற்கவில்லை. தமீம் எந்த ஓரத்தில் நின்றானோ அந்த ஓரத்துக்கு அநேகமாக யாரும் வரவில்லை. மறுபக்கத்து ஆள் சோப்ளாங்கி என்பது மட்டுமே காரணம் என்றோ, ரெய்டர்களின் பழக்கம் என்றோ சொல்ல முடியாது. தமீம் தன் பக்கத்துக்கு வந்ததும், பழக்கத்தையே உடைத்துக்கொண்டு செல்வின் மாறினான்; இரண்டு முறை தானாகவே கோட்டை மிதித்து வெளியேறியும் பழைய பக்கத்துக்குத் திரும்பவில்லை. வராதவனை எப்படிப் பிடிப்பது? பெயரைப் பார்த்த ராஜகுரு உடனே போன் செய்தார். "நாலு பேரைப் பிடிச்சவனை வச்சு நான் என்னப்பா பண்ண?" இசக்கிராஜா சொன்னார்: "அவன் நிக்கிற பாதிக்குள்ள எவனும் வர மாட்டான் சார். மிச்ச ஆறு பேருக்கும் காவல் காக்கப் பாதிக் களம்தான் இருக்கும்." ராஜகுரு சொன்னார்: "கூட்டிட்டு வா. இனி எல்லாவனும் வலது பக்கம்தான் வருவான், அடுத்த வருசத்துக்கு வலது கார்னர் ஒருத்தனையும் இப்பவே பாத்து வையி."