கடல்மேல் ஒரு சுற்று

பழைய பேப்பரை எடைக்கு வாங்கி விற்று மேலே வந்தவர் காதர் ராவுத்தர். பேரத்தில் அவரை மடக்கியவன் கிடையாது. மடக்கப் பார்த்து, வசவு வாங்காமல் திரும்பியவனும் கிடையாது.

அவருக்கு ஒரு கிறுக்கு. மரச்சட்டமும் துணியுமாக விமானம் பறந்த காலத்தில் துணிந்து அதில் ஏறினார்களே, அவர்களுடைய கையெழுத்துகளைச் சேர்ப்பது. ஆல்பத்தில் நாற்பத்தொன்பது ஒட்டியாயிற்று. ஐம்பதாவது மிஸ்திரி என்கிற பார்சி விமானியுடையது. அதற்காகப் பதினோரு வருஷம் அலைந்தார்; பம்பாய்க்கே மூன்று தரம் போய் வெறுங்கையோடு வந்தார்.

கடைசியில் அது அவர் கடைக்கே வந்தது. மூட்டைக் காகிதத்துக்கு நடுவில், ஏதோ ஒரு விமான மைதானத்தின் பதிவேட்டில்.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு எஸ்தர் டீச்சரிடம் ஓடினார். டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கையெழுத்தை எப்படிப் பார்ப்பது என்று ராவுத்தருக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

"அசலா, நகலா? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர். நாளைக்குக் கண்காட்சி. ஐம்பது இருந்தாத்தான் வைப்பேன்னு வீராப்பா சொல்லிட்டேன்."

டீச்சர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அசல்தான்."

ராவுத்தர் சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்தார்.

"மத்த நாற்பத்தொன்பதும் இப்படி வெட்டினதுதானா, பாய்?"

"பின்னே? புத்தகத்தையா ஆல்பத்துல ஒட்டுவாங்க?"

"சரி, வெட்டுங்க. கையெழுத்து உங்களுக்கு. பக்கத்துல இருக்கிற காலிக் கட்டத்தை எனக்கு வெட்டிக் கொடுங்க."

ராவுத்தரின் கை நின்றது. முப்பது வருஷச் சந்தையில் உதைபட்டுக் கற்ற பாடம் ஒன்று உண்டு. எதிராளி எதைச் சும்மா கேட்கிறானோ, சரக்கு அதில்தான் இருக்கும்.

"அதுல ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணுமில்லாததைக் கொடுக்க என்ன யோசனை?"

"நீங்க கேட்டுட்டீங்கல்ல. அதான் யோசனை."

ராவுத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பதிவேட்டின்மேல் குனிந்தார். வரிக்கு இரண்டு கையெழுத்து. ஏறும்போது ஒன்று, இறங்கியபின் ஒன்று. மிஸ்திரியின் வரியில், எங்கே போகிறார் என்ற இடத்தில், 'கடல்மேல் ஒரு சுற்று' என்று இருந்தது. காலை ஏழு பத்து. காப்பி ஆறுவதற்குள் வந்துவிடுகிறவன் போடுகிற கையெழுத்து அது. கடைசி எழுத்தின் வால் விளையாட்டாக மேலே சுழன்றிருந்தது.

இறங்கியபின் போடவேண்டிய கட்டம்தான் காலி.

"வரலையா?"

டீச்சர் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

ராவுத்தர் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு நாளின் முடிவிலும் மைதானத்துக் குமாஸ்தா அளவுகோல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டிருந்தார். மழை நாளிலும் கோடு. ஒருவரும் பறக்காத நாளிலும் கோடு. மிஸ்திரியின் வரிக்குக் கீழே மட்டும் இல்லை. அரைப் பக்கத்தை வெள்ளையாகவே விட்டு, மறுநாளைப் புதுப் பக்கத்தில் தொடங்கியிருந்தார்.

ராவுத்தர் பிளேடைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டார். விரல்களைச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்த வெள்ளை இடத்தைத் தொட்டார்.

"இவ்வளவு கறாரான ஆளு, அன்னிக்கு மட்டும் ஏன் டீச்சர் கோடு போடல?"

"போட்டா அந்த நாள் முடிஞ்சு போயிருமே, பாய்."