தூக்கின கையில் அட்டை

மீன் மார்க்கெட் சங்கத் தேர்தல் அன்று, தலைவர் கஸ்பார் ஓட்டுப்பெட்டியை மறித்து நின்றார். "அடையாள அட்டை இல்லாத ஓட்டு செல்லாது. போன மாசமே சட்டம் போட்டாச்சு!"

அட்டையோ அவர் ஆட்களுக்கு மட்டும்தான் கிடைத்திருந்தது.

மீன் வெட்டிக் கொடுக்கும் பிலோமி எழுந்து வந்தாள். "அந்தச் சட்டத்தை எப்படிப் போட்டீங்க, தலைவரே?"

"கூட்டத்துல கை தூக்கி ஓட்டுப் போட்டோம்."

"தூக்கின கையில அட்டை இருந்துச்சா?"

"அட்டையே நேத்துதான வந்துச்சு!"

"அட்டை இல்லாத ஓட்டு செல்லாதுன்னா, உங்க சட்டமும் செல்லாது. அந்த ஓட்டு செல்லும்னா, என் ஓட்டும் செல்லும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

மார்க்கெட்டே சிரித்தது. கஸ்பார் பெட்டியை விட்டு விலகினார். பிலோமி செதில் ஒட்டிய கையால் முதல் ஓட்டைப் போட்டாள்.

சாயங்காலம் எண்ணியபோது, கஸ்பாருக்கு விழுந்த ஓட்டு அவர் கொடுத்த அட்டைகளைவிடக் குறைவு.