மேட்டுல ரெண்டு குழி

எங்க கோச் ஹாஸ்கெல் கோவப்பட்டு நான் பாத்ததே இல்ல. டீமோட கோவம் மொத்தத்தையும் நான் ஒருத்தனே குத்தகைக்கு எடுத்திருந்தேன்.

நெப்ராஸ்கால ஒரு சின்ன காலேஜ். பேஸ்பால் டீம்ல பந்து போடறவன் நான். பேரு நெடுமாறன். அது அங்க யார் வாய்லயும் நுழையாம நெட்டுன்னு ஆயிடுச்சு.

அந்த வருஷத்தோட கோச் ரிட்டயர் ஆகறாரு. அன்னிக்கு ஃபைனல், எங்க மைதானத்துலயே. ஜெயிச்சா தேசியப் போட்டி. என்னைப் பாக்கறதுக்குன்னே பெரிய டீம்லேர்ந்து ஆளுங்க வந்து உக்காந்திருந்தாங்க. அவங்க எடுத்துக்கிட்டா என் வாழ்க்கையே வேற.

கடைசி ரவுண்டு. நாங்க ஒரு ரன் முன்னாடி. இன்னும் மூணு பேரை அவுட் பண்ணா போதும். அப்போ பாத்து கோச் மைதானத்துக்குள்ள நடந்து வந்தாரு.

பந்து போடறவனை மாத்தணும்னா எங்க ஆட்டத்துல ஒரு முறை உண்டு. நாம நின்னு பந்து போடற மண்மேட்டுக்குக் கோச்சே வந்து கைய நீட்டுவாரு. நாம பந்தை அந்தக் கையில வெச்சிட்டு இறங்கிடணும். வாதாடக் கூடாது.

நான் வாதாடினேன். கை நல்லா இருக்கு, முடிச்சுட்டுத் தரேன்னேன். இங்க ஒருத்தன் சாதிச்சா உங்களுக்குப் பொறுக்காதான்னும் கேட்டேன். நீட்டின கை நீட்டினபடியே இருந்துச்சு. பந்தை அவர் காலடியில போட்டுட்டு இறங்கினேன். அவர் குனிஞ்சு எடுத்துக்கிட்டாரு.

எனக்கப்புறம் வந்தவன் போட்ட பந்து வேலிக்கு வெளிய போய் விழுந்துச்சு. அதுல ரெண்டு ரன் எடுத்து அவங்க முன்னாடி போயிட்டாங்க. அதுக்கப்புறம் எங்களால அடிக்க முடியல. தோத்துட்டோம்.

கூட்டம் கலைஞ்சப்புறம் பாத்தா, கோச் மண்வெட்டியும் களிமண்ணுமா மேட்டுல நிக்கறாரு. ஆட்டம் முடிஞ்சா மேட்டுக் குழியை மூடறதை அவர் யாருக்கும் விட்டுக் குடுத்ததில்ல. வேலையே முடிஞ்சுபோச்சு, இன்னும் யாருக்காக மூடறீங்கன்னு கேட்டேன்.

"இங்க வா, நெட். காலை வை."

பந்தை வீசும்போது முன்கால் போய் இறங்கற இடத்துல குழி விழும். அன்னிக்குப் பந்து போட்டதுல நான் மட்டும்தான் வலதுகை, மத்தவங்க எல்லாம் இடதுகைக்காரங்க. அவங்க குழி அந்தப் பக்கம். இந்தப் பக்கம் கால் வெச்சது நான் மட்டும்தான். ஆனா ரெண்டு குழி இருந்துச்சு. முன்னாடி ஒண்ணு, ஆழமா. ஒரு சாண் பின்னாடி இன்னொண்ணு.

"மொதல்ல உன் கால் அங்க விழுந்துச்சு," கோச் சொன்னாரு. "பாதி ஆட்டத்துக்கு மேல இங்க. கை வலிச்சாதான் கால் இப்படி எட்டாம போகும். எப்போலேர்ந்து வலிக்குது?"

"வலிச்சா என் கை. உங்களை யாராச்சும் கேட்டாங்களா?"

"கேக்கல."

"உங்களுக்கும்தானே போச்சு? சர்வீஸ் பூரா ஒரே ஒரு தடவ ஃபைனல் ஜெயிச்சீங்களாம். அந்தக் கோப்பைகூட காலேஜ்ல இல்ல. எங்கயோ தொலைச்சுட்டீங்கன்னு பசங்க சிரிக்கறாங்க."

கோச் பின்னாடி இருந்த குழியில களிமண்ணைப் போட்டு காலால அழுத்தினாரு. அவசரமே படல. அப்புறம் மண்வெட்டி மேல சாஞ்சு நின்னாரு.

"தொலைக்கல. அன்னிக்குப் பந்து போட்டவன் வீட்டுல இருக்கு. அவனும் உன்னை மாதிரி வலதுகைக்காரன்தான், உன்னை மாதிரியே கை நல்லா இருக்குன்னான். நான் நம்பிட்டேன். கடைசி வரைக்கும் போட்டு ஜெயிச்சுக் குடுத்தான். அடுத்த வருஷம் கோப்பையை அவன் வீட்டுக்கே எடுத்துட்டுப் போய் நீட்டினேன்."

"என்ன சொன்னான்?"

"வலது கையைத் தூக்கப் பாத்தான். அப்புறம் இடது கையால வாங்கிக்கிட்டான்."