நாரைகளைத் துரத்திய தாழைக்கோழி

நாணலேந்தல் கண்மாயில் ஒரு தாழைக்கோழி இருந்தது. நீல உடம்பு, சிவந்த நெற்றி, நீண்ட கால் விரல்கள். தன் அழகில் அதற்கு ரொம்பப் பெருமை. காலையில் தண்ணீரில் முகம் பார்க்காமல் அது இரை தேடப் போனதே இல்லை.

ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பியது. மஞ்சள் மூக்கு நாரைகள் கூட்டமாக வந்து இறங்கின. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் கூடு கட்டத் தொடங்கின. தாழைக்கோழிக்கு வயிற்றெரிச்சலும் அன்றே தொடங்கியது.

"நாரை வந்துருச்சு! நாரை வந்துருச்சு!" என்று ஊர் ஜனம் கரைக்கு ஓடி வந்தது.

தாழைக்கோழி நாணலை விட்டு வெளியே வந்து, வாலை ஆட்டி, கழுத்தை நீட்டி, நாலு நடை நடந்து காட்டியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பார்த்தியா இந்த அநியாயத்தை!" என்று அது பக்கத்து வளை நண்டிடம் பொருமியது. "கோடையில சேறு வெடிச்சுக் கிடந்தப்பவும் இங்கயே கிடந்தவ நான். நேத்து வந்ததுகளுக்கு இவ்வளவு உபசாரமா?"

"அதுங்க விருந்தாளி. கோடை வந்தா போயிரும்" என்றது நண்டு.

"நல்ல விருந்தாளி! அதுங்க மிரண்டு போயிரும்னு இந்த ஊரே தீபாவளிக்கு ஒரு வெடி போடுறதில்லை. எனக்காக யாராவது ஒரு மத்தாப்பையாவது விட்டுக்கொடுத்தாங்களா?"

"இப்ப உனக்கு என்னதான் வேணும்?"

"அதுங்க போகணும்!"

"ஏற்கெனவே சிவந்த நெத்தி. பார்த்து, தீப்பிடிச்சிரப் போகுது!" என்று சொல்லிவிட்டு நண்டு வளைக்குள் போய்விட்டது.

தாழைக்கோழிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாரை மீன் பிடித்தால், "அது என் மீன்!" என்று தோன்றியது. தாழைக்கோழி விரும்பித் தின்பது தண்டும் கிழங்கும்தான். ஆனாலும் தோன்றியது. நாரை சுள்ளி எடுத்தால், "அது என் சுள்ளி!" என்று தோன்றியது. பொறாமை வந்துவிட்டால் ஊரில் உள்ளதெல்லாம் நம்முடையதுதானே!

கடைசியில் அது தலைவி நாரையிடம் போனது. குரலில் தேன் வடிந்தது.

"அக்கா, சொல்லவே மனசு வரலை. ஊர்க்காரங்க மனசு மாறிட்டாங்க. இந்த வருஷம் வெடி போடப் போறாங்க. மூட்டை மூட்டையா வந்து இறங்கிருச்சு. என் கண்ணால பார்த்தேன்!"

"இந்த ஊரா? நம்பி வந்தோமே!" என்று நாரை பதறியது.

"முட்டை வெச்ச பிறகு ஓட முடியாது அக்கா. இப்பவே கிளம்புங்க!"

நாரைகள் பாதிக் கூடுகளை அப்படியே விட்டுவிட்டுப் பறந்தன.

"இனி என்னைத்தானே பார்க்கணும்!" என்று தாழைக்கோழி கரையோரம் ராணி மாதிரி நடந்தது. ஜனங்கள் வந்தார்கள். வெறும் மரங்களைப் பார்த்து மனம் ஒடிந்து திரும்பினார்கள். அப்போதும் தாழைக்கோழியை யாரும் பார்க்கவில்லை.

தீபாவளி வந்தது. காலையிலேயே வெள்ளைக்கண்ணு என்பவர் ஒரு பை நிறைய வெடியோடு கரைக்கு வந்தார். வேட்டைக்காரர்கள் வராமல் வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கரையைக் காப்பது அந்த ஊர் வழக்கம். அன்று அழகுமீனா என்ற பெண்ணின் முறை.

"பறவைதான் போயிருச்சே! இன்னும் யாருக்காக ஊமையா உட்கார்ந்திருக்கணும்?" என்றார் வெள்ளைக்கண்ணு.

நாணலுக்குள் இருந்த தாழைக்கோழி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. தான் சொன்ன பொய் இப்படிப் பையோடு வந்து நிற்கும் என்று அது நினைக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து அது கிட்டத்தில் வெடிச் சத்தம் கேட்டதும் இல்லை.

"நாரை திரும்பி வரும்ணே" என்றாள் அழகுமீனா. "வந்து பார்க்கிறப்ப இது அதே ஊராத்தான் இருக்கணும்."

"நீ ஆசைப்பட்டா வந்துருமாக்கும்!"

"வராட்டியும் போகட்டும். அந்தா நாணலுக்குள்ள நீலக்கோழி நிக்குது பாருங்க. வருஷம் பூரா நம்மகூடவே கிடக்குது. அது உசுரு இல்லையா? வெடியை நாம விட்டுக்கொடுத்தது அதுக்கும் சேர்த்துத்தானே?"

"அதானே!" என்றார் பின்னால் வந்த ஒருவர். "அதானே!" என்று இன்னும் பலர் சொன்னார்கள். வெள்ளைக்கண்ணு தலையைச் சொறிந்தார். பையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

'எனக்கும் சேர்த்தா!' தாழைக்கோழிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருஷமும் தனக்கும் சேர்த்துக் கிடைத்ததைத்தான் அடுத்தவருக்கு மட்டும் கிடைத்ததாக எண்ணிப் புழுங்கியிருக்கிறது!

நாரைகளைத் தேடி அது கிளம்பியது. தாழைக்கோழிக்குப் பறப்பது சுலபமில்லை. கால்கள் தொங்க, மூச்சு வாங்க, குளத்துக்குக் குளம் இறங்கி இளைப்பாறித்தான் போனது. தூரத்து ஏரி ஒன்றில் நாரைகளைக் கண்டது. அங்கே காலையிலிருந்தே வெடி முழங்கியது. கரையில் வலையோடு ஆட்கள் திரிந்தார்கள். நாரைகள் உட்கார இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

"அக்கா, நான் சொன்னது பொய்! பொறாமையில சொல்லிட்டேன். திரும்பி வாங்க!"

"அன்னைக்குப் பேசின அதே வாய்தானே இது?" என்று சீறியது தலைவி நாரை.

"ஆமாம். என்னை நம்பாதீங்க. உங்க காதை நம்புங்க. இன்னைக்குத் தீபாவளி. வந்து கேட்டுப் பாருங்க!"

அங்கே இமயத்தைத் தாண்டி வந்த ஒரு வாத்து இருந்தது. "போய்ப் பாருங்களேன்" என்றது அது. "எங்க பனி நாட்டு ஏரியிலயும் ஒரு ஊரே கூடி வலைக்காரங்களை விரட்டுச்சு. நான் பறந்து வந்த வழியில அப்படி இன்னும் பல ஊர் இருக்கு. அந்த ஊர்களை நம்பித்தான் நாங்க இவ்வளவு தூரம் வர்றோம்."

பொழுது சாயும் நேரம் நாரைகள் கிளம்பின. கீழே ஊருக்கு ஊர் சரவெடி அதிர்ந்தது. வழியெல்லாம் புகை. நாணலேந்தலுக்கு மேலே வந்ததும் சத்தம் நின்றது. வாசலுக்கு வாசல் அகல்விளக்கு மட்டும் எரிந்தது. பறவையே இல்லாத மரங்களுக்காக ஊர் பேசாமல் காத்திருந்தது. தலைவி நாரை முதல் ஆளாகக் கருவேல மரத்தில் இறங்கியது.

"நாரை வந்துருச்சு!" என்று முதலில் கத்தியவர் வெள்ளைக்கண்ணுதான். ஊரே கரைக்கு ஓடி வந்தது.

ரொம்பப் பின்தங்கி, இறக்கை ஓய்ந்து, தாழைக்கோழி நாணலுக்குள் தொப்பென்று விழுந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"வயிறு எரியுதா?" என்று கேட்டது நண்டு.

"கொஞ்சம்" என்றது தாழைக்கோழி. பிறகு காதைத் தீட்டிக்கொண்டு வெடிச் சத்தமில்லாத அந்த அமைதியைக் கேட்டது. "ஆனா இது எனக்கும் சேர்த்துத்தான், தெரியுமா!"

நம்பிக்கையோடு ஊர் கூடி உயிர்களைக் காக்கும் இடத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு. அடுத்தவர் பங்கைக் கண்டு பொறாமைப்பட்டால் நம் பங்கும் சேர்ந்தே போய்விடும்.