முதலைக்கு எத்தனையாம் குணம்?

கருங்காட்டில் கடுங்கோடை. பக்கத்தில் வற்றாமல் கிடந்தது ஒரே ஒரு மடு. அந்த மடுவில் ஒரு முதலை இருந்தது. காடெங்கும் அதற்குப் பெரிய பேர். போன மழைக்கு வெள்ளத்தில் விழுந்த எருமைக்கன்று ஒன்று அதன் மூக்கை உரசிக்கொண்டு கரையேறியதாம். முதலை அசையவே இல்லையாம். அந்தக் கதையைச் சொல்லாத வாய் இல்லை.

மடுக்கரை மருதமரத்தில் இருந்த மைனாவுக்கு ஒரு பித்து. உயிர்களை எல்லாம் ஒன்பது குணமாகப் பிரித்து வைத்திருந்தது. பேர்பெற்ற விலங்கு எதுவானாலும் தூரத்திலிருந்தே பார்த்து எண் சொல்லிவிடும். கிழட்டுப் புலி நாலாம் குணம், கொம்பன் யானை மூணாம் குணம். அந்த யானையோடு அது ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதற்குக் கூட்டாளி ஆட்காட்டிக் குருவி. தண்ணீரில் சின்ன நெளிவு தெரிந்தாலும் கத்திக் காட்டையே உஷார்ப்படுத்துவது அதன் பிறவி வேலை. அது கத்தாமல் இருந்தால் பயமில்லை என்றுதான் மான்கள் குனிந்து குடிக்கும்.

ஒரு நண்பகலில் செவலி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு அந்த வழியே வந்தது. மலைச்சுனைக்குப் போகிற நடை. இன்னும் அரைநாள் தூரம். குட்டிக்கு நாக்கு வெளியே தொங்கியது.

அவ்வளவு தூரம் எதற்கு, இங்கேயே குடியேன் என்றது மைனா. “இந்த முதலையார் அஞ்சாம் குணம், தாயி. ஒதுங்கிக் கிடப்பார், யோசிப்பார், யார் வம்புக்கும் வரமாட்டார்.”

“எருமைக்கன்னு தப்பின அன்னைக்கு அதுக்கு வயிறு நிறைஞ்சிருக்கலாமே, மைனாக்கா?”

மைனா சிரித்தது. “வயித்தை வச்சா குணம் பார்ப்பாங்க? நீ ஆறாம் குணம். எதைக் கண்டாலும் சந்தேகம்!”

செவலிக்கு வெட்கமாகிவிட்டது. குட்டி வேறு விலாவில் முட்டியது. செவலி ஆட்காட்டியை ஒருமுறை பார்த்தது. சத்தமில்லை. சரி என்று தான் காவல் நின்று, குட்டியை முதலில் இறக்கிவிட்டது.

ஆட்காட்டியோ மடுவுக்கு முதுகைக் காட்டி மைனாவோடு மல்லுக்கு நின்றது. அஞ்சில்லை, ஒண்ணாம் குணம்தான், நெறி தவறாதவர் என்று அதற்கு ஒரே பிடிவாதம்.

தண்ணீர் நெளிந்தது. ஒரே இழுப்பு. குட்டிக்குக் கத்தக்கூட நேரமில்லை. நுரை அடங்கியபோது சேற்றில் நாலு சின்னக் குளம்படிகள் மட்டும் இருந்தன.

செவலி நெடுநேரம் அவற்றையே பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி, “நீ ஏன் கத்தலை?” என்று ஆட்காட்டியைக் கேட்டது.

மைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

“அப்போ இவர் எட்டாம் குணம்” என்றது.

எட்ட நின்று பேர்பெற்றவரின் குணத்தைக் கணிக்கிறவருக்கு அது பொழுதுபோக்கு. அதை நம்பித் தண்ணீரில் இறங்குகிறவருக்கோ அது உயிர்.